டோன் நொப்புக்கு அடையாளமா, எல்லாத்தையும் 10இல் விடுறதா?

தடித்ததந்தி:

அம்ப் பற்றின இழையில் இந்தக் கதை இடையில புகுந்து நீண்டு போனபடியால் தனியாத் திறக்கிறன். அங்கே முழுத்திறப்பு அண்ணை எழுதினது இதுதான்: "பாசிவ் பேஸில் டோன் நொப்பைத் தொடாதே. எல்லாம் 10. மிச்சத்தை விரல் பார்த்துக்கொள்ளும்."

புதுசா வாசிக்கிற ஆக்களுக்கு: பாசிவ் எண்டால் பற்றரி இல்லாத பேஸ் கிற்றார், டோன் நொப் எண்டால் மேல் சத்தத்தை (ட்ரெபிளை) வெட்டுற திருகு, 10 எண்டால் முழுக்கத் திறந்தது, 0 எண்டால் முழுக்க வெட்டினது. எனக்கு உடன்பாடில்லை. கொழும்பில ஒரு கலியாண வரவேற்பு எண்டால் பழைய தமிழ்ப் பாட்டும் வரும், பைலாவும் வரும், கடைசியில ஆரோ ஃபங்க் கேட்பினம். பெருவிரலால அடிச்சு வாசிக்க 10 வேணும். அதே 10இல் மெல்லிசை வாசிச்சால் ஃபிரெட்டில தந்தி உரசுறதெல்லாம் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். ஆகக் குறைஞ்சது இரண்டு நிலை வேணும். அடுத்த கிழமையும் அதே இடத்துக்குத் திரும்பி வரவும் வேணும்.

செய்யிற முறை பெரிசா ஒண்டும் இல்லை. நொப்புக்குக் கீழ இருக்கிற பொட்டை (மாறுதடையை) வலப்பக்கம் முட்டும் வரைக்கும் திருப்பி, நொப்பின்ர பக்க ஸ்க்ரூவைத் தளர்த்தி, கோடு 10க்கு நேரே வர வச்சு இறுக்குங்கோ. நொப்பின் விளிம்பில கியூடெக்ஸால ஒரு வெள்ளைப் புள்ளி. ஃபெண்டர் ஜாஸ் பேஸ் மொடல் எண்டால் உலோகத் தகட்டில நிலைக்கு ஒரு நிறம். மாஸ்கிங் டேப் வேண்டாம், வியர்வையில பசை இளகி நகரும். மரத்தின் பூச்சிலயும் கியூடெக்ஸ் வைக்காதேங்கோ, நைட்ரோ பூச்சு எண்டால் கரைஞ்சு போகும். கை பட்டுத் திரும்பாமல் இருக்க நொப்புக்குக் கீழ ஒரு ஃபெல்ட் வாஷர்.

இதில என்ன பிழை?

முழுத்திறப்பு:

பிழை கணக்கில இருக்கு தம்பி. நொப்பின்ர விட்டம் 20 மில்லிமீட்டர் எண்டு வைப்பம். சுற்றளவு 63. பொட் முழு வட்டம் சுற்றாது, 300 பாகை அளவுதான். ஆக 0 தொடக்கம் 10 மட்டும் உங்களிட்ட இருக்கிறது 52 மில்லிமீட்டர், ஒரு இலக்கத்துக்கு 5 மில்லிமீட்டர். பேஸ் தோளில தொங்குது, மேலயிருந்து சரிவாப் பார்க்கிறீங்கள், மேடையில வெளிச்சம் நிறம் மாறி மாறி அடிக்குது. சிவப்பு வெளிச்சத்தில சிவப்புப் புள்ளி தெரியவே தெரியாது. 2 மில்லிமீட்டர் பிசகினால் அரை இலக்கம் போச்சு.

பொட்டில கண்ணை மூடிக்கொண்டு திரும்பி வரக்கூடிய இடம் இரண்டே இரண்டு, இரண்டு அந்தங்களும்தான். 0இல விட்டால் சேறு. அப்ப மிச்சம் 10.

இருட்டான சத்தம் வேணுமெண்டால் கையை நெக் பக்கம் கொண்டுபோங்கோ. நெக் முடியிற இடத்தில, நகம் படாமல் விரல் சதையால இழுத்தால் உங்கட டோன் 4 தானா வரும். இன்னும் வேணுமெண்டால் உள்ளங்கை ஓரத்தை பிரிட்ஜில வச்சுப் பெருவிரலால தொடுங்கோ. அமெரிக்க பேஸ் வாத்தியக்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில வாசிச்ச ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில நொப் எல்லாம் முழுக்கத் திறந்துதான் இருந்தது எண்டது தெரிஞ்ச கதை. ஆரும் அவரைப் பார்த்து "ட்ரெபிள் கூடிப்போச்சு" எண்டு சொல்லேல்லை.

தடித்ததந்தி:

ஜேமர்சனை இழுத்தால் முழுசா இழுங்கோ அண்ணை. அவர் போட்டது லா பெல்லா ஃபிளாட்வூண்ட் (தட்டைக் கம்பி சுத்தின, மேல் சத்தம் குறைஞ்ச தந்தி), அதுவும் தடிச்ச செட். அறுந்தால்தான் மாத்துவார். பிரிட்ஜ் மூடிக்குக் கீழ ஸ்பொஞ்ச். ட்ரெபிளை வெட்டுற வேலையைத் தந்தியும் ஸ்பொஞ்சும் செய்து முடிச்சாப் பிறகு நொப் 10இல் இருந்தால் என்ன, 7இல் இருந்தால் என்ன? இங்க முக்கால்வாசிப் பேர் போடுறது ரவுண்ட்வூண்ட் (உருண்டைக் கம்பி சுத்தின, பளிச்செண்டு கேட்கிற தந்தி). அந்த 10 வேற, இந்த 10 வேற.

விரல் கதையும் பாதிதான். நெக் பக்கம் கையைக் கொண்டுபோனால் தந்தி தளர்வா ஆடும், வேகமான பைலா வரியை அங்க நிண்டு சுத்தமா வாசிக்க ஏலாது.

ஈயப்புகை:

இரண்டு பேரும் இலக்கத்தைப் பற்றிக் கதைக்கிறீங்கள், பொட் எந்த வகை என்று ஒருவரும் கேட்கவில்லை. விடை அங்கேதான் இருக்கிறது.

டோன் பொட் ஒரு கப்பாசிட்டர் (மின்தேக்கி) வழியாக மேல் சத்தத்தைப் பூமிக்கு விடுகிறது, தடை குறையக் குறையக் கூடப் போகும். ஏ250கே (கே என்றால் கிலோஓம்) என்றால் மடக்கை வகை. நடுவில் நிறுத்தி அளந்தால் முழு மதிப்பில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 25 முதல் 38கே வரை காட்டும். பி250கே என்றால் நேர்கோட்டு வகை, நடுவில் 125கே. டோன் மாறுவது காதுக்குத் தெரியத் தொடங்குவது ஏறத்தாழ 50கேக்குக் கீழே. பி வகையில் 50கே வருவது இலக்கம் 2இல். 10 இலிருந்து 2 வரை திருப்பினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது, கடைசி 10 மில்லிமீட்டரில் எல்லாம் விழுந்துவிடும். அந்த பேஸில் தம்பியின் கியூடெக்ஸ் வேலைக்காகாது, முழுத்திறப்பு சொன்னது சரி. ஏ வகையில் அதே மாற்றம் 28, 30 மில்லிமீட்டருக்குப் பரவிக் கிடக்கும். அங்கே 2 மில்லிமீட்டர் பிசகு பெரிய குற்றமில்லை.

விலை குறைந்த பேஸ் பலவற்றில் டோனுக்கும் பி வகைதான் போட்டு வரும். முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கப் போனால் பொட்டின் முதுகில் உள்ள எழுத்தை மட்டும் நம்பாதீங்கோ. பழைய ஐரோப்பியப் பொட்களில் ஏ என்றால் நேர்கோட்டு வகை. மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோய், தண்டை நடுவில் நிறுத்தி, நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் இடையில் அளந்து வாங்குங்கோ. தண்டு பொருந்துமா என்பதையும் பாருங்கோ. 6 மில்லிமீட்டர் தண்டுக்கான நொப் கால் அங்குலத் தண்டில் ஏறாது. மறுபக்கம் ஏறும், ஆனால் ஆடும். ஆடுகிற நொப்பில் எந்த அடையாளமும் பொய்.

இன்னொன்று. பொட்டில் 20 சதவீதம் கூடக்குறைய வருவது வழமை, 250 என்று எழுதியது 200ஆகவும் இருக்கலாம், 300ஆகவும் இருக்கலாம். கப்பாசிட்டரில் 473ஜே என்றால் 0.047 மைக்ரோஃபரட், 5 சதவீதத்துக்குள். கே என்றால் 10. எம் என்றால் 20. ஒரே பேஸில் இருக்கும் வரை இது பிரச்சினையில்லை. மேலதிகமாகக் கொண்டுபோகும் இரண்டாவது பேஸிலும் "நான் எப்போதும் 4" என்று வைத்தால் அது வேறு 4.

முழுத்திறப்பு, நீங்கள் சொல்லும் 10 என்பதும் வெறுமை இல்லை. ஜாஸ் பேஸில் இரண்டு வொல்யூம், ஒரு டோன், மூன்றும் 250கே. எல்லாம் 10இல் நின்றாலும் பிக்கப்புக்கு (தந்தியின் அதிர்வை மின்னாக மாற்றும் சுருளுக்கு) 83கே சுமை. பிரிசிஷனில் இரண்டு பொட், 125கே. இரண்டையும் 10இல் விட்டு "கட்டுப்பாடே இல்லாத சத்தம்" என்று சொல்வது சரியில்லை. பொட்டை உண்மையில் சுற்றிலிருந்து கழற்றிவிடுவது 10இல் கிளிக் என்று விழும் நோ-லோட் வகை மட்டுமே.

பின்வரிசை:

மிக்ஸர் பக்கத்திலிருந்து. எனக்கு 10ஆ 4ஆ என்பதில் அக்கறை இல்லை. சவுண்ட்செக்கில் தந்ததை நிகழ்ச்சியிலும் தாருங்கள், அவ்வளவுதான்.

பாட்டு நடுவில் டோனைக் குறைத்தால் என்ன நடக்கிறது என்று மேடையில் நிற்பவருக்குத் தெரிவதில்லை. மேல் அலைவரிசை போனதும் மொனிட்டரில் பேஸ் மங்கும். சத்தம் குறைந்ததாக நினைத்துப் பலமாக இழுப்பீர்கள். மண்டபத்துக்குப் போகும் அடிச்சத்தம் கூடும், சத்தத்தைச் சமப்படுத்தும் கம்பிரசர் அமுக்கும், கிக் டிரம் அடியில் போகும். ஆகவே அடையாளம் வைப்பது நல்லது. ஆனால் எத்தனை நிலை என்று எனக்கு முன்பே சொல்லுங்கள். இரண்டு என்றால் இரண்டையும் சவுண்ட்செக்கில் வாசியுங்கள். மூன்றாவது வேண்டாம்.

மண்டபத்துக்கு ஏற்ப டோனைத் திருப்புபவர்களுக்கும் ஒரு சொல். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து மண்டபங்களில் ஆள் இல்லாதபோது அடிச்சத்தம் சுவரில் பட்டு உருளும். ஆட்கள் வந்து நிரம்பியதும் மேல் அலைவரிசையைத்தான் உடுப்பும் உடம்பும் அதிகம் உறிஞ்சும். அதைச் சரிசெய்யும் இடம் மிக்ஸர். மாலை 4 மணிக்கு வெறும் மண்டபத்தைக் கேட்டுவிட்டு நொப்பைத் திருப்பி வைத்தால் 8 மணிக்கு அது பிழையாகத்தான் இருக்கும்.

பாசிவ் பேஸை நேரே மிக்ஸரின் லைன் உள்ளீட்டில் சொருகுவதையும் நிறுத்துங்கள். அங்கே உள்ளீட்டு மின்தடை 10கே அளவு. 83கே சுமைக்கே கணக்குப் பார்க்கிறோம், 10கே போட்டால் நொப் 10இல் இருந்தும் 3இல் இருப்பதுபோல் கேட்கும். டீஐ பெட்டி (பேஸை மிக்ஸருக்கு இணைக்கும் இடைப்பெட்டி) அக்டிவாக, 1 மெகாஓம் அளவில் இருக்கட்டும்.

ஒன்பதுவோல்ட்:

அண்ணைமார், அக்கா, இது முழுக்க பாசிவ் பேஸுக்கான சண்டை. பற்றரி உள்ள அக்டிவில் இந்தத் தொல்லையே இல்லையே? பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றிலும் நடுவில் கிளிக் இருக்கு. கிளிக்கில விட்டால் ஃபிளாட். முடிஞ்சுது.

முழுத்திறப்பு:

கிளிக்கில விட்டால் பிறகு என்னத்துக்குப் பற்றரி?

ஒன்பதுவோல்ட்:

கேபிள் நீளம் ஒண்டும் செய்யாது, அதுக்குத்தான்.

ஈயப்புகை:

அந்தப் பதில் சரி, அதற்கு முந்தியது பாதிதான் சரி. கிளிக் உள்ள இடம் திரும்பி வரக்கூடிய மூன்றாவது இடம், அதை மறுக்கவில்லை. கிளிக்கை விட்டு நகர்ந்தால் பாசிவை விட மோசம். நடுவிலிருந்து அந்தம் மட்டும் 15 டெசிபல் என்று வையுங்கோ. 20 மில்லிமீட்டர் நொப்பில் அந்தப் பாதிச் சுற்று 26 மில்லிமீட்டர். கை பட்டு 5 மில்லிமீட்டர் நகர்ந்தால் 3 டெசிபல் போகும். பின்வரிசை அக்காவின் கம்பிரசருக்கு அது நல்ல அடி. எல்லா அக்டிவிலும் நடுக்கிளிக் இருக்கும் என்றும் இல்லை.

பற்றரி இறங்கினால் டோன் நொப் நிலை மாறாது, மேல் எல்லை இறங்கும். பேஸ் நொப்பை ஏற்றி வைத்திருப்பவருக்கு முதலில் உடையும், ட்ரெபிளைக் குறைத்து வைத்திருப்பவருக்குக் கடைசியில் தெரியும். 7.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் மாற்றுங்கோ. பிளக் சொருகியபடியே பேஸைப் பெட்டியில் வைக்காதீங்கோ. ஜாக்கின் மூன்றாவது தொடுமுனை வழியாகத்தான் பற்றரியின் மறைமுனை பூமிக்குப் போகிறது. பிளக் உள்ளே இருந்தால் இரவு முழுக்க ஓடும்.

தடித்ததந்தி:

சரி, கேபிள் நீளத்துக்கு வருவம். பாசிவில அது எவ்வளவு மாத்தும்? இன்னொரு கேள்வி: அடையாளத்துக்குப் பதிலா, ஜாக்கில கேபிளைச் சொருகி மறுமுனையில மல்டிமீட்டர் வச்சு, டோன் எத்தனை ஓமில நிக்குது எண்டு பார்த்து வைக்க ஏலாதோ? இலக்கமாவே இருக்கும், நிகழ்ச்சிக்கு முதல் சரிபார்க்கலாம்.

ஈயப்புகை:

ஏலாது. மீட்டர் அனுப்புவது நேர்மின், கப்பாசிட்டர் அதை விடாது. ஜாக்கில் தெரிவது பிக்கப்பின் தடை மட்டும். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பும் 7.5கே என்றால் 3.7கே அளவு காட்டும், டோனை எங்கே திருப்பினாலும் அதே எண்தான். டோன் பொட்டை அளப்பதென்றால் தகட்டைக் கழற்றி, பொட்டில் வயர் பற்றியிருக்கும் இரண்டு கால்களுக்கும் இடையில் வைக்கவேணும். கப்பாசிட்டர் தடுப்பதால் வேறு பாதை இராது, சோல்டரைக் கழற்றாமலே சரியான எண் வரும்.

கேபிள்: மீட்டருக்கு 100 பிகோஃபரட் என்பது நடைமுறைக் கணக்கு. ஒரு பிக்கப்பின் தூண்டலை 4 ஹென்றி என்று வைத்தால் 6 மீட்டர் கேபிளில் ஒத்ததிர்வு (மேல் சத்தம் புடைக்கும் இடம்) 3.2 கிலோஹேர்ட்ஸ் பக்கம், 3 மீட்டரில் 4.6 பக்கம். பிக்கப்பின் சொந்தக் கொள்ளளவையும் சேர்த்தால் இரண்டும் சற்று இறங்கும், ஆனால் இடைவெளி இருக்கும். கேபிளை மாற்றினால் முழுத்திறப்பின் 10 மாறும். டோன் 3இல் நிற்பவருக்கு அந்த மாற்றம் கேட்காது. இது அவருக்கு இனிக்காது.

முழுத்திறப்பு:

இனிக்குதோ இல்லையோ, அதுக்கு மருந்து ஒரே கேபிள். 6 மீட்டர் ஒண்டு வாங்கி, அதை வேற ஆருக்கும் குடுக்காதேங்கோ. இல்லாட்டி 3 மீட்டரில பொஸ் டியூனர் பெடலுக்குப் போங்கோ, அதுக்குள்ள பஃபர் (பிக்கப்பைப் பின்னால வாற கேபிளிலயிருந்து பிரிச்சு வைக்கிற சுற்று) இருக்கு, அதுக்கங்கால கேபிள் எவ்வளவு நீண்டாலும் பிக்கப்புக்குத் தெரியாது.

நான் கேட்கிறது வேற. ஜாஸ் பேஸில டோனுக்கு மட்டும் புள்ளி வச்சு என்ன பிரயோசனம்? இரண்டு வொல்யூமும் 10இல் நிண்டால் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் ஒண்டையொண்டு கழிச்சுவிடும். நெக் பிக்கப்பை 8க்குக் கொண்டுவந்தவுடன இரைச்சலும் வரும், நடு அலைவரிசையும் எழும்பும். பூ வெளிச்சத்துக்கு டிம்மர் போட்ட மண்டபத்தில அந்த இரைச்சல் பாட்டை விடப் பெரிசாக் கேட்கும். மூன்று நொப்புக்கும் புள்ளி வைப்பீங்களோ? அதைவிட மூன்றும் 10.

ஈயப்புகை:

வொல்யூம் இரண்டும் 10 என்பதில் நான் உங்கள் பக்கம். ஜாஸ் பேஸில் பிக்கப் வயர் நடுக்காலில் வருகிறது, வெளியேற்றம் ஓரக்காலில். வொல்யூமைக் குறைக்கக் குறைக்க அந்தப் பிக்கப்பே சுமையேறி மேல் சத்தத்தை இழக்கும். அங்கே வொல்யூமும் ஒரு டோன் நொப்தான். சத்தத்தைக் குறைக்க விரலையோ பெடலையோ பாவியுங்கோ.

டோனுக்கு வேறு வழி சொல்கிறேன். முழுத்திறப்பு முதலிலேயே சொன்னார், நிச்சயமான இடம் இரண்டு அந்தம்தான், 0 சேறு என்று. 0 சேறாக இருப்பது 0.047 மைக்ரோஃபரட் நேரே பூமிக்குப் போவதால். அந்த 0ஐ நமக்கு வேண்டிய சத்தமாக மாற்றிவிட்டால் புள்ளியே தேவையில்லை. வலது முட்டு ஃபங்க், இடது முட்டு மெல்லிசை. இருட்டிலும் தவறாது.

முதலில், வழமையான தந்தி, வழமையான கேபிள், வழமையான டீஐ அல்லது அம்ப். வொல்யூம் முழுக்க. டோனை 10இலிருந்து குறைத்துக்கொண்டு வந்து வேண்டிய இடத்தில் நிறுத்துங்கோ. தனியாக வாசித்து முடிவெடுக்காதீங்கோ, டிரம்மும் கீபோர்டும் சேர்ந்த பதிவு ஒன்றை ஓடவிட்டு வாசியுங்கோ. தனியாகக் கேட்கும்போது நல்லது என்று படுவது கூட்டத்தில் காணாமல் போகும். பிறகு நொப் அசையாமல் தகட்டைத் தூக்கி, சொன்ன இரண்டு காலுக்கிடையில் அளவுங்கோ. பிரிசிஷன் என்றால் தந்தியைத் தளர்த்தி பிளாஸ்டிக் தகடு முழுவதையும் தூக்கவேண்டி வரும். மீட்டர் 16கே காட்டினால் கடையில் கிடைக்கும் கிட்டிய மதிப்பு 15கே, கால் வொட் போதும். அதைப் பொட்டுக்கும் கப்பாசிட்டருக்கும் இடையில் தொடராகச் சேர்த்தால் இனி 0 என்பதே அந்த 15கே. மேல் அந்தம் 265கே ஆகும், அந்த வித்தியாசம் காதுக்குத் தெரியாது.

கப்பாசிட்டர் மதிப்பை மட்டும் குறைத்தும் செய்வார்கள், 0.01 போடுவது போல. தடை இல்லாமல் அதைச் செய்தால் பிக்கப்போடு சேர்ந்து 800 ஹேர்ட்ஸ் பக்கம் ஒரு புடைப்பு வரும், மூக்கால் பாடுவது போல இருக்கும். சிலருக்கு அதுதான் வேணும். வேண்டாதவர்கள் 0.047ஐயே வைத்துத் தடையைப் போடுங்கோ. பிலிம் கப்பாசிட்டர், 63 அல்லது 100 வோல்ட், சின்னதாக இருக்கும். விலை கூடிய எண்ணெய்க் கடதாசிக் கப்பாசிட்டர் பற்றி இங்கே தொடங்காதீங்கோ, அதே கொள்ளளவு அதே வேலைதான் செய்யும்.

பின்வரிசை:

எனக்கு இது பிடிக்கிறது. இரண்டு நிலை, இரண்டும் முட்டு. நடுவில் எதுவும் இல்லை என்று எழுதியே தாருங்கள்.

தடித்ததந்தி:

எனக்கு மூன்றாவது போகுதே. ரெகே வரியொண்டு வந்தால் அடிமட்டம் 0 வேணும், அது இனி வராது. நொப் இருந்தும் கீழ் அரைவாசியைப் பூட்டி வைக்கிறது என்ன ஞாயம்?

ஈயப்புகை:

அப்படியென்றால் மூன்று கால் மினி டொகிள் சுவிட்ச் ஒன்று போடுங்கோ. கப்பாசிட்டர் நடுக்காலுக்கு. ஒரு ஓரக்கால் பொட்டுக்கு, மற்றது 15கே வழியாக நேரே ஹொட் வயருக்கு (சத்தம் வரும் வயருக்கு). சுவிட்ச் மேலே என்றால் மெல்லிசை, நொப் எங்கே நின்றாலும் சரி. கீழே என்றால் நொப் பழையபடி 0 முதல் 10 மட்டும். தகட்டில் துளை போட மனமில்லாவிட்டால் இழுத்துத் தள்ளும் பொட் வாங்குங்கோ, ஆனால் அதன் உயரத்தை முதலில் அளவுங்கோ. ஆழம் குறைந்த குழியில் அது இறங்காது.

முழுத்திறப்பு:

இரண்டு மாதத்தில தந்தி செத்துப்போனால் இந்த 15கே என்ன செய்யும்? கொழும்பு ஈரப்பதனில, கை துடைக்காமல் வைக்கிற ரவுண்ட்வூண்டின் மேல் சத்தம் தானாப் போகும். அளந்து வச்ச இருட்டு இன்னும் இருட்டாகும். சுவிட்சைக் கொஞ்சமாத் திறக்க ஏலாது, நொப்பைத் திறக்கலாம். எண்ணிப் பாருங்கோ.

ஈயப்புகை:

அது நியாயமான கேள்வி. அதனால்தான் புதுத் தந்தியில் அளக்காதீங்கோ. பளபளப்பு அடங்கி ஒரு நிலைக்கு வந்த தந்தியில் அளவுங்கோ. முதல் சில நிகழ்ச்சிக்கு மெல்லிசை நிலை சற்று வெளிச்சமாக இருக்கும், அது கேடில்லை. ஒவ்வொரு முறையும் வாசித்து முடிய அடியையும் சேர்த்துத் துணியால் துடையுங்கோ. விரல் படுவது மேலே, அழுக்குச் சேருவது கீழே. தந்தி மாற்றுவதே தொல்லை என்றால் ஃபிளாட்வூண்ட் போடலாம், வருடக்கணக்கில் ஏறத்தாழ ஒரே மாதிரி நிற்கும். அப்போது ஃபங்க் நிலை உங்களுக்குப் பிடிக்காது, அது வேறு சண்டை.

தடித்ததந்தி:

அப்ப முதலில தொடர் தடை முறையையே பார்க்கிறன், துளை போட வேண்டாமே. சோல்டர் பண்ண முதல் கேட்டுப் பார்க்க வழி இருக்கோ?

ஈயப்புகை:

பொட்டிலிருந்து கப்பாசிட்டரின் ஒரு காலை மட்டும் கழற்றுங்கோ. இரண்டு முதலைக் கிளிப் வயரால் இடையில் தடையை மாட்டி, டோனை 0இல் வைத்து வாசியுங்கோ. 10, 12, 15, 18, 22கே ஐந்தும் கையில் இருக்கட்டும். மீட்டர் சொன்னதை விட ஒரு படி மேலே உள்ளது பிடிப்பதும் உண்டு. கிளிப் தொங்கும்போது கொஞ்சம் இரைச்சல் வரும், அதைப் பொருட்படுத்தாதீங்கோ.

பிறகு சோல்டர் பண்ணும்போது தடையின் இரு காலுக்கும் ஸ்லீவ் போடுங்கோ. குழிக்குள் செப்புத் தாளோ கறுப்புக் கவசப் பூச்சோ இருந்தால் அது பூமி. பொட்டுக்கும் தடைக்கும் இடைப்பட்ட மூட்டு அதில் பட்டால் கப்பாசிட்டர் விலகிவிடும், டோன் நொப் வொல்யூம் நொப்பாகிவிடும். தகட்டைப் பூட்டிய பின் டோனைக் குறைக்கக் குறைக்கச் சத்தமே செத்தால் வேறெங்கும் தேடாதீங்கோ, அந்த மூட்டைத் திறந்து பாருங்கோ.